சலங்கை கொடுத்த வாசல்

பிள்ளைகளா,

போன வாரம் ஒயிலாட்டக் கோஷ்டிக்காரர்கள் நம் வீட்டுக்கு வந்தபோது, களத்தில் கிடந்த வெங்காயத்தில் ஒரு மூட்டையைக் கட்டி அவர்கள் வண்டியில் ஏற்றிவிட்டேன். சலங்கைகளின் வார் இற்றுப்போய்விட்டது, புதுத் தோலில் கோர்க்க வேண்டும் என்றார்கள். கொடுத்தேன். வண்டி தெருமுனை திரும்புவதற்குள் பெரியவன் கேட்டுவிட்டான்: "குதிக்கிறவங்களுக்கு எதுக்குப்பா அம்புட்டையும் குடுக்குறீங்க? ஆஸ்பத்திரிக்குக் குடுத்தாலாவது நாலு பேரு பொழைப்பாங்கல்ல?" சின்னவளும் அண்ணன் பக்கம் சேர்ந்துகொண்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு நான் மிச்ச வெங்காயத்தை அள்ளப் போய்விட்டேன். பேசினால் எனக்கு முன்னுக்குப் பின் முரணாகப் போய்விடும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன்தான், இருந்தாலும் எழுதினால் வரிசையாக வரும் என்று நினைத்து உட்கார்ந்திருக்கிறேன். கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால், உங்களிடம் நாங்கள் சொல்லி வைத்த இரண்டு பொய்களை முதலில் எடுத்துவிட வேண்டும்.

உங்கள் சித்தப்பாவின் வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலில் பாதியும்தான் இருக்கின்றன. மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கமலையின் உருளையில் மாட்டிக்கொண்டது என்று சொல்லியிருக்கிறோம். என் இடது தோளில் இருக்கிற தழும்பு மாடு முட்டியது என்று சொல்லியிருக்கிறோம். இரண்டும் அரிவாள் வெட்டு. சித்தப்பா கையில் விழுந்தது பங்காளி வீட்டு அண்ணன் வெட்டியது. என் தோளில் விழுந்தது சித்தப்பா வெட்டியது.

அகரத்துக்குப் போகிற வண்டிப்பாதையில் நம் கிணறு இருக்கிறதே, அது அப்போதும் நமக்கும் பங்காளி வீட்டுக்கும் பொதுதான். என் அப்பாவும் அவர்கள் அப்பாவும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள். ஒரு நாள் தண்ணீர் நமக்கு, மறுநாள் அவர்களுக்கு. நல்ல மழைக்காலத்தில் இந்த முறையைப் பற்றி யாரும் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. ஐம்பதுகளின் நடுவில் ஒரு பஞ்சம் வந்தது. குடகனாற்றில் மணலைத் தோண்டினாலும் ஈரம் இல்லை. கிணற்றில் இரவெல்லாம் ஊறுகிற தண்ணீரைக் காலையில் கொஞ்ச நேரம் இறைத்தால் சால் சேற்றைத் தொட்டுவிடும். அப்போதுதான் யாருக்கும் தோன்றாத ஒரு சந்தேகம் வந்தது. முறை எப்போது மாறுகிறது? கோழி கூப்பிடும்போதா, சூரியன் தெரியும்போதா? நம் வீட்டில் கோழி என்று நினைத்தோம். அவர்கள் வீட்டில் சூரியன். இதை இரண்டு வீடும் ஒருநாளும் உட்கார்ந்து பேசியதில்லை. பேசத் தேவை இருந்ததில்லை.

ஊறிய தண்ணீரெல்லாம் கோழி கூப்பிடுவதற்கும் சூரியன் வருவதற்கும் நடுவில் இருந்தது.

அன்றைக்கு நம் முறை. தம்பி மாடுகளை ஓட்டிக்கொண்டு முன்னால் போனான். நான் கஞ்சிக் கலயத்தோடு பின்னால் போனேன். நான் வரப்பில் ஏறும்போதே தம்பியும் பங்காளி வீட்டு அண்ணனும் போடுகிற சத்தம் கேட்டது.

"யாரு மொறைக்கு யாரு எறைக்குறது?"

"விடியல. விடியிற வரைக்கும் எங்க மொறைதான்."

"கோழி கூப்பிட்டு எம்புட்டு நேரமாச்சு? காதுல என்ன ஈயத்தையா காய்ச்சி ஊத்தியிருக்க?"

"உங்க வீட்டுக் கோழி கூப்பிட்டா எங்களுக்கு விடிஞ்சிருமாடா? போடா, போயி கோழிகிட்டத் தண்ணி கேளு."

தம்பி கையிலிருந்த சாட்டைக் கம்பால் அண்ணன் முகத்தில் அடித்தான். முதல் அடி நம்முடையது. அதை மறைத்துச் சொன்னால் இந்தக் கதையே பொய்யாகிவிடும். அவர் புருவம் கிழிந்து ஒரு கண் ரத்தத்தில் மூடிக்கொண்டது. வாழை இலை அறுக்கக் கொண்டுவந்த அரிவாள் வரப்பில் கிடந்தது. ஒற்றைக் கண்ணோடு அதை எடுத்து வீசினார். தம்பி பின்னால் சாய்ந்து, கிணற்றில் விழாமல் இருக்கக் கமலையின் மரக்காலை வலது கையால் பிடித்தான். அரிவாள் அவன் விரல்களோடு அந்தக் காலில் இறங்கியது.

கலயம் எங்கே விழுந்தது என்று எனக்கு நினைவில்லை. தம்பி கத்தவில்லை. கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மற்ற விரல்கள் அங்கே இல்லை, கிணற்றுக்குள் விழுந்துவிட்டன. பங்காளி வீட்டு அண்ணன் அரிவாளை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்து வாந்தி எடுத்தார். நான் என் வேட்டியைக் கிழித்துக் கட்டினேன். வண்டியில் வைக்கோலைப் போட்டு அவனைக் கிடத்தித் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். வண்டிச் சக்கரத் தடத்தை ஒட்டியே ஈக்கள் வந்தன. வைக்கோல் முழுக்க நனைந்து, பலகை இடுக்கு வழியாக ரத்தம் பாதையில் சொட்டிக்கொண்டே வந்தது.

மறுநாள் நான் திரும்பிவந்து கிணற்றில் இறங்கினேன். சேற்றில் கையை விட்டுத் துழாவி, கிடைத்ததை எடுத்துத் துணியில் முடிந்து வேலியோரம் புதைத்தேன்.

ஆஸ்பத்திரி கையைத் தைத்தது. புரை வைக்காமல் ஆற்றியது. பெரியவனே, இதில் உன் பக்கம் நியாயம் இருக்கிறது. அந்த டாக்டர் இல்லாவிட்டால் சித்தப்பா கையை முழங்கையோடு எடுத்திருப்பார்கள், அல்லது ஆளே போயிருப்பான். ஆனால் தைத்து அனுப்பியது கையை மட்டும்தான். வீட்டுக்கு வந்த ஆள் வேறு ஆள்.

பங்காளி வீட்டு அண்ணனை மதுரை ஜெயிலில் போட்டார்கள். தம்பிக்குத் தூக்கம் போயிற்று. கண்ணை மூடினால் கை கமலைக் காலில் இருக்கிறது, அரிவாள் வருகிறது என்பான். தெருவே எழுந்து உட்காரும்படி கத்துவான். இல்லாத விரல்கள் வலிக்கின்றன என்பான். "நடுவிரல யாரோ நெருப்புல பிடிச்சிருக்காங்கண்ணே" என்று காற்றைக் காட்டுவான். மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நரம்பு என்றார்கள், மாத்திரை தந்தார்கள். வேப்பிலை அடிக்கிறவர் அடித்தார். அவர் கையிலிருந்த வேப்பிலையைப் பிடுங்கி அவரையே அடித்தான். 

நம் மயிலைக் காளை ஒருநாள் கொஞ்சம் மெதுவாக நடந்தது. அதற்காக நுகத்தடியைக் கழற்றி அதன் தலையில் அடித்தான். ஒரு கண் வெளியே வந்துவிட்டது. மாடு முட்டக்கூட இல்லை, மண்டி போட்டது. அடைகாத்த கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கிச் சுவரில் அறைந்தான், எல்லாம் கோழி கூப்பிட்டதால் வந்தது என்று. ஒருநாள் கொதிக்கிற சோற்றுப் பானையை எட்டி உதைத்தான். உங்கள் சித்தியின் பாதத்தில் தோல் வழன்று வந்தது. அவள் கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, வெந்த காலோடு, ரெட்டியார்சத்திரம் பக்கம் இருந்த அவள் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். 

அதற்குப் பிறகுதான் அவன் வேலிக்குப் போக ஆரம்பித்தான். கிணற்றடி வேலியில் ஆள் உயரக் கள்ளி நின்றது. தினமும் அரிவாளை இடது கையில் பிடித்துக் கள்ளியை வெட்டுவான். முதலில் குறி தவறும், அரிவாள் வழுக்கும். நாளாக நாளாக ஒரே வீச்சில் தண்டு துண்டாக விழுந்தது. வெட்டிய இடமெல்லாம் வெள்ளையாகப் பால் வடிந்துகொண்டிருக்கும்.

"என்னடா செய்யிற?"

"எடது கைக்குப் பழக்குறேண்ணே."

"எதுக்கு?"

"அவன் ஒருநா வெளிய வருவான்ல."

அவர் வெளியே வருவார், இவன் வெட்டுவான், இவனைத் தூக்கில் போடுவார்கள். இரண்டு வீட்டிலும் ஆண்பிள்ளை குறையும். அப்போதெல்லாம் நான் கண்ணை மூடினால் எனக்குத் தெரிந்தது இதுதான்.

இனி ஒயிலாட்டத்துக்கு வருகிறேன்.

நம் ஊரில் ஒயிலாட்டம் எப்போதும் இருந்தது. ஆனால் பஞ்சத்தில் சலங்கைகளை விற்றுத் தின்றுவிட்டார்கள். மழை திரும்பி வந்த வருஷம், காளியம்மன் பொங்கலுக்கு மறுபடி ஆடலாம் என்று கிளம்பினார்கள். யாரோ ஒரு வரிசைக்குத் தேவையான சலங்கை முழுவதும் புதிதாக வாங்கிக் கொடுத்துவிட்டதாகப் பேச்சு வந்தது. யார் என்று தெரியாது. அது நம் ஊர் வழக்கம், உங்களுக்கும் தெரியும். சலங்கை கொடுத்தவர் பெயரை ஆட்டம் பழக்குகிற வாத்தியார் ஒருவர்தான் அறிவார். பொங்கல் அன்று கோயிலிலிருந்து புறப்பட்டு வரிசை யார் வீட்டு வாசலில் போய் முதல் ஆட்டம் ஆடுகிறதோ, அப்போதுதான் ஊருக்குத் தெரியும். அதுவரை கொடுத்தவர் வாய் திறக்கக் கூடாது, வாங்கியவரும் திறக்கக் கூடாது.

அதே சமயத்தில் பங்காளி வீட்டுப் பெரியம்மா, அதாவது ஜெயிலுக்குப் போனவரின் அம்மா, காதில் தண்டட்டி இல்லாமல் நடமாடினார்கள். வளர்த்த காது இரண்டும் தோளைத் தொட்டுக்கொண்டு வெறுமனே ஆடும். மகன் கேஸுக்காக வக்கீலுக்குக் கொடுத்திருப்பார்கள் என்று தெருவில் பேசிக்கொண்டோம். தம்பி அதைக் கேட்டுச் சிரித்தான். 

வாத்தியார் திண்டுக்கல்லில் தோல் பதனிடுகிற ஷாப்பு ஒன்றில் வேலை பார்த்தவர். வேலை முடிந்து சைக்கிளில் வந்து, விளக்கு வைத்த பிறகு ஊர் மந்தைத் திடலில் பழக்குவார். எத்தனை தடவை குளித்தாலும் அவர் மேல் சுண்ணாம்பும் தோலும் கலந்த ஒரு வாடை இருக்கும். ஆடுகிறவர்கள் அவரைக் காற்றடிக்கிற பக்கம் நிற்க விடமாட்டார்கள். "நல்லாத்தான மணக்குது, உங்க சலங்கை வாரும் இதே வாடைதானப்பு" என்பார்.

சலங்கைச் சத்தம் தம்பிக்கு ஆகவில்லை. தலைக்குள் ஆணி அடிக்கிற மாதிரி இருக்கிறது என்றான். முதல் நாள் நம் வீட்டிலிருந்தே கல்லை வீசினான். ஒருவனுக்கு நெற்றி உடைந்தது. இரண்டாம் நாள் கம்பை எடுத்துக்கொண்டு மந்தைக்கே போனான். நான் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு பேரைக் கீழே தள்ளி மிதித்திருந்தான். வாத்தியார் குறுக்கே வந்தார். இடது கையால் அவர் வாயில் இரண்டு குத்து விட்டான். அவர் குனிந்து ரத்தத்தைத் துப்பினார். ஒரு பல் அதோடு வந்தது. அதை விரலால் புரட்டிப் பார்த்தார்.

"ஏலே அப்பு, குத்து நல்லாத்தான் இருக்கு. ஆனா தாளம் தப்பு. மொதக் குத்துக்கும் ரெண்டாங் குத்துக்கும் நடுவுல எடவெளி கூடிப்போச்சு."

அடி வாங்கிக் கீழே கிடந்தவன்கூடச் சிரித்துவிட்டான். தம்பிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மறுபடி கையை ஓங்கினான்.

"இரு, இரு. உனக்கு யாரையாச்சும் மிதிக்கணும், அம்புட்டுத்தான? தரைய மிதி. அது போலீசுக்குப் போவாது."

"போயா, தோல் நாத்தம். கையில துணி பிடிச்சு ஆடணும்ல? எனக்குத்தான் கையே இல்லையே."

"பிடிக்க முடியாட்டா கட்டிக்கிற வேண்டியதுதான? கழுதைக்கே வால்ல துணி கட்டி ஆட வச்சவன்டா நான்."

ஏன் அன்று அவன் நின்றான் என்று எனக்கு இன்றும் தெரியாது. வாத்தியார் பல் போன வாயோடு குனிந்து அவன் காலில் சலங்கையைக் கட்டினார். மிஞ்சியிருந்த கட்டைவிரலையும் அரை விரலையும் சேர்த்து ஒரு சிவப்புத் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டார். மேளம் அடித்தது. தம்பி ஆடவில்லை, மிதித்தான். எதிரே யாரோ கிடக்கிற மாதிரி, அந்த ஆளின் நெஞ்செலும்பு ஒவ்வொன்றாக ஒடிகிற மாதிரி மிதித்தான். தரையில் குழி விழுந்தது. புழுதியில் மற்றவர்கள் இருமினார்கள். குதிகால் வெடித்து ரத்தம் வந்தது, அப்போதும் நிற்கவில்லை. மேளக்காரர்தான் கை ஓய்ந்து நிறுத்தினார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து விழுந்தவன் வெயில் மேலேறும் வரை எழவில்லை. நான் பயந்துபோய் மூக்கின் அடியில் விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு சீராக வந்தது. அவன் அப்படித் தூங்கி எத்தனையோ மாதங்கள் ஆகியிருந்தன.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். ஒயிலாட்டத்தில் வரிசைதான் முக்கியம். எல்லோரும் ஒன்றாகக் காலை வைத்து, ஒன்றாகத் திரும்பி, எல்லார் துணியும் ஒரே சமயத்தில் மேலே போக வேண்டும். ஒருவன் முந்தினால் பக்கத்து ஆள் மேல் மோதுவான். இவன் தினமும் மோதினான். மோதினால் அடித்தான். அடிபட்டவர்கள் திருப்பி அடித்தார்கள். பிறகு எல்லாரும் முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். வரிசையில் ஒரு குடிகாரர் இருந்தார். ஆட்டத்தால் அவர் குடியை விட்டுவிட்டார் என்று இப்போது சொல்கிறார்கள். அது உண்மையில்லை, பழகுகிற நாளில் மட்டும் குடிக்க மாட்டார். ஆனால் அந்த வருஷம் பழகாத நாள் குறைவு. 

தம்பி மெல்ல மெல்ல வரிசைக்குள் வந்தான். எல்லார் துணியும் மேலே பறக்கும்போது எந்தக் கையில் விரல் இல்லை என்று எனக்கே கண்டுபிடிக்க முடியாமல் போன நாளில், நான் எழுந்து மந்தைக்கு அந்தப்பக்கம் போய் நின்றுகொண்டேன். கள்ளி வேலி தழைக்க ஆரம்பித்தது. விரல் வலிக்கிறது என்பது குறைந்தது. உங்கள் சித்தி சேதி கேட்டு வந்தாள். உள்ளே வராமல் வாசலில் நின்றுகொண்டே என்னிடம் விசாரித்தாள்.

"ராத்திரி கத்துறாரா?"

"இல்ல தாயி."

"சோத்த எத்துறாரா?"

"போன மாசம் ஒரே ஒரு தடவ."

"அன்னிக்கு வெஞ்சனம், கொழம்பு வாயில வைக்க வெளங்கியிருக்காது" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையை என் கையில் கொடுத்து உள்ளே போனாள்.

பொங்கலுக்குச் சில நாள் முன்பு பங்காளி வீட்டு அண்ணன் ஜெயிலிலிருந்து வந்துவிட்டார். தெருவில் தலை காட்டவில்லை. தம்பியிடம் நான் சொல்லவில்லை, ஆனால் அவனுக்குத் தெரிந்திருந்தது. வழக்கம்போலப் பழகப் போனான், திரும்பி வந்தான். அவனுடைய அரிவாளை எடுத்து வைக்கோல் போரின் அடியில் செருகி வைத்தேன். அது போதும் என்று நினைத்தேன்.

பொங்கல் அன்று மத்தியானம் கோயில் முன்னால் கிடா வெட்டினார்கள். மண் சேறாகக் கிடந்தது. வெட்டி முடித்து, பெரிய வெட்டரிவாளை ரத்தத்தோடு மண்ணில் குத்தி வைத்திருந்தார்கள். மேளம் முழங்க வரிசை புறப்பட்டது. ஊரே பின்னால் வந்தது, யார் வாசல், யார் வாசல் என்று. வாத்தியார் முன்னால் பின்னோக்கி நடந்தபடி வரிசையை இழுத்துப் போனார். நம் தெரு முனையில் அவர் இடது பக்கம் திரும்பினார். அந்தச் சந்தில் ஒரே ஒரு வீடுதான் உண்டு.

தம்பி நின்றான். அவன் நின்றதால் வரிசையும் நின்றது.

"எங்கய்யா போறோம்?"

"சலங்கை குடுத்த வாசலுக்கு."

"இந்த வீட்டுச் சலங்கையா? இந்த வீட்டுச் சலங்கையவா இம்புட்டு நாளா என் காலுல கட்டுன?"

வாத்தியார் பதில் சொல்வதற்குள் சலங்கையைப் பிய்த்து எறிந்தான். மணிகள் சிதறி ஓடின. கோயிலைப் பார்த்து ஓடினான். எதற்கு ஓடுகிறான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கிடா வெட்டிய அரிவாளை மண்ணிலிருந்து பிடுங்கிக்கொண்டு திரும்பி வந்தான். நான் சந்தின் வாயில் நின்று அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். "விடுண்ணே" என்றான். விடவில்லை. "விடுண்ணே, விடுண்ணே" என்றான். பிறகு என் தோளில் ஏதோ சூடாக இறங்கியது. கை தானாக விட்டுவிட்டது. என் சொந்த ரத்தத்தை மிதித்துக்கொண்டு அவன் பின்னால் ஓடினேன்.

பெரியம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள், ஆரத்தித் தட்டோடு. பின்னால் நிலைப்படிக்குள் அண்ணன், வெறுங்கையோடு. புருவத்தில் சாட்டைத் தழும்பு. தம்பி பெரியம்மாவைத் தோளால் இடித்துத் தள்ளினான். தட்டு பறந்தது. ஆரத்தித் தண்ணீர் சுவர் முழுக்கச் சிவப்பாகத் தெறித்தது. இடது கையை ஓங்கி வீசினான். மாதக்கணக்காகக் கள்ளியில் பழகிய வீச்சு. ஆனால் இது அவன் பழகிய அரிவாள் இல்லை, இரண்டு மடங்கு கனம். அண்ணன் தலையை இழுத்துக்கொள்ள, அரிவாள் கதவு நிலையில் இறங்கிச் சிக்கிக்கொண்டது.

இழுத்தான். வரவில்லை. காலை நிலையில் வைத்து இழுத்தான். வலது கையையும் கொடுத்தான். பிடிக்க விரல் இல்லை, துணி சுற்றிய கை வழுக்கி வழுக்கி வந்தது. இழுத்துக்கொண்டே கத்தினான். ராத்திரிகளில் கத்தின அதே கத்தல். யாரும் கிட்டே போகவில்லை.

பெரியம்மா எழுந்து உட்கார்ந்தார்கள். உதட்டில் ரத்தம்.

"ராத்திரி பூரா நீ கத்துறது எங்க வீட்டுச் செவுத்துல வந்து அடிக்கும்டா. இந்தக் கத்தலத்தான் கேட்டுக் கேட்டுப் படுத்திருந்தேன். அதுக்குத்தான் தண்டட்டியக் கழட்டுனேன். அவனப் பிடிச்சு வரிசையில நிறுத்துங்கன்னு வாத்தியார் கால்ல விழுந்தேன்."

"உம் மகனக் காப்பாத்தத்தான குடுத்த?"

"ஆமா. அவனையுந்தான். பொய்யா சொல்லப் போறேன்? ரெண்டு பேருக்காகவுந்தான் குடுத்தேன்னு வச்சுக்க. வெட்டுறதுன்னா வெட்டு. ஆனா வெட்டிப்பிட்டு இந்த வாசல்ல ஆடிட்டுப் போ. ஆடாமப் போனா குடுத்தது குடுத்ததாகாது."

அப்போது உள்ளேயிருந்து அண்ணன் வெளியே வந்தார். நிலையில் சிக்கியிருந்த அரிவாளை இரண்டு கையாலும் ஆட்டிப் பிடுங்கினார். அது அவர் கைக்கு வந்தது. வெட்டிய அதே கை. தம்பி அவர் எதிரே வெறுங்கையோடு நின்றான். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அண்ணன் அரிவாளைப் பார்த்தார், தம்பியின் கையில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தார். பிறகு அரிவாளை அம்மா மடியில் வைத்துவிட்டுச் சுவரோரம் போய்க் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டார். தலையை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டார்.

வாத்தியார் மேளக்காரருக்குக் கண் காட்டினார். மேளம் மெல்ல ஆரம்பித்தது. வரிசை ஆட ஆரம்பித்தது. தம்பி நிற்கவேண்டிய இடத்தை அவர்கள் அடைக்கவில்லை. ஓர் ஆள் இடைவெளியை அப்படியே விட்டுவிட்டு, திரும்பும்போதும் அந்த இடைவெளியோடு திரும்பினார்கள். இடைவெளி அந்த வாசலில் முன்னும் பின்னும் போய் வந்தது. தம்பி வெகுநேரம் அதைப் பார்த்தபடி நின்றான். பிறகு அதற்குள் போனான்.

சலங்கை இல்லாத கால். தட்டில் இருந்த குங்குமமும் தண்ணீரும் என் ரத்தமும் சேர்ந்த அந்த மண்ணில் மிதித்தான். அன்று அவன் மிதித்தது மாதிரி அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். ஆனால் தாளம் தப்பவில்லை, பக்கத்து ஆள் மேல் ஒருமுறைகூட மோதவில்லை. எல்லார் துணியும் மேலே போனபோது அவன் துணியும் போனது.

அவர்கள் இருவரும் சேர்ந்துவிட்டார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். சேரவில்லை. இன்று வரை ஒரு சொல் பேசியதில்லை. ஒருவர் கிணற்றடியில் இருந்தால் மற்றவர் வரப்பில் காத்திருப்பார். ஆனால் இருவரும் உயிரோடு இருக்கிறார்கள். இருவருக்கும் பிள்ளைகள் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளோடுதான் நீங்கள் பள்ளிக்கூடம் போகிறீர்கள். உங்கள் சித்தப்பா வருஷா வருஷம் ஆடுகிறார், இரவில் தூங்குகிறார். ஆட்டம் இல்லாத மாதங்களில் எப்போதாவது விரல் வலிக்கும். அப்போது சித்தி பெட்டியைத் திறந்து அந்தச் சிவப்புத் துணியை எடுத்து வெளியே வைப்பாள்.

ஆஸ்பத்திரிக்கும் கொடுங்கள் பிள்ளைகளா. நானும் கொடுப்பேன். என் தோளைத் தைத்ததும் அவர்கள்தான். ஆனால் சலங்கை வார் அறுந்துவிட்டது என்று யாராவது வந்து நின்றால், எதுக்கு என்று கேட்காதீர்கள்.

அந்தப் பொங்கலுக்கு மறுநாள் கிணற்றில் நம் முறை. தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். தோளில் கட்டோடு நான் மட்டும் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனேன். கோழி கூப்பிட்டிருந்தது. சூரியனும் வரட்டும் என்று கமலைக் காலில் சாய்ந்து நின்றேன். வெளிச்சம் நன்றாக வந்த பிறகு, கோழிக்கும் சூரியனுக்கும் நடுவில் ஊறியது அவர்களுக்கு என்று கணக்கு வைத்து, மண்வெட்டியை எடுத்து நம் மடையை அடைத்து, அவர்கள் பக்கத்து மடையை வெட்டிவிட்டேன். ஆள் இல்லாமல் காய்ந்து கிடந்த அவர்கள் கத்தரிப் பாத்தி நனைகிற வரைக்கும் ஒற்றைக் கையால் மாட்டை ஓட்டி இறைத்தேன். பிறகு மண்ணை இழுத்து அந்த மடையை மூடிவிட்டு, நம் வயலுக்குத் தண்ணீரைத் திருப்பினேன்.